ஒரே வீட்டில் மூன்று வாசகர்கள்: யாருக்கு எந்தப் புத்தகம்?

காட்பாடியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். தங்கைக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வரப்போகிறார்கள். அவளுக்கு ஒரு நல்ல கர்ப்பகால வழிகாட்டி வேண்டும். அம்மாவைச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு உதவும் நூல்கள் வேண்டும். கேட்டவருக்குக் காதல் கதைகள் பிடிக்கும். நிறைய படிக்கிறார், ஆனால் படித்து முடித்ததும் ஒன்றும் மனதில் நிற்பதில்லை என்கிறார். வீட்டில் தமிழ்தான் சரளம், ஆங்கிலம் ஓரளவு வரும். மூன்று பேருக்கும் என்ன வாங்கலாம்?

வட ஆற்காட்டுக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கர்ப்பம், காதல், வேதம் ஆகிய மூன்று அலமாரிகளையும் தேடி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே அளவுகோல் போட்டால் தப்பான புத்தகம்தான் கைக்கு வரும். கர்ப்பகாலப் புத்தகம் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். காதல் கதை எவ்வளவு பழசானாலும் பரவாயில்லை, இரண்டாம் முறை படிக்கத் தாங்க வேண்டும். வேதபாட நூல் உங்கள் அம்மாவை வேத வசனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும், வசனத்தின் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளக் கூடாது.

தங்கையிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் தப்பான புத்தகம் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

அவள் கையில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது கொடுக்கும் தாய் சேய் நல அட்டையைத்தான் சொல்கிறேன். பெயர்தான் அட்டை, உண்மையில் அது ஒரு சின்னக் கையேடு. பலர் அதை ஊசி தேதி எழுத மட்டும் எடுத்துப்போய், மறுபடி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். எந்த மாதத்தில் என்ன பரிசோதனை, எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், குழந்தை பிறந்தபின் என்ன தடுப்பூசி, எடை எப்படி ஏற வேண்டும், எல்லாம் அதில் படத்தோடு தமிழில் இருக்கிறது. முதலில் அதை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். தங்கை மட்டுமல்ல, மாப்பிள்ளையும் படிக்க வேண்டும். இரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, பனிக்குடம் உடைவது: இவற்றில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குமேல் விரிவாகப் படிக்க விரும்பினால், சென்னை மகப்பேறு மருத்துவர் கீதா அர்ஜுன் எழுதிய ‘பாஸ்போர்ட் டு எ ஹெல்தி பிரெக்னன்சி’ என் முதல் பரிந்துரை. ஆங்கில நூல்தான், ஆனால் நடை எளிது. நம் ஊர்ப் பெண்களைப் பார்த்துப் பழகிய டாக்டர் எழுதியது என்பதால் மாமியார் சொல்வது, பக்கத்து வீட்டார் சொல்வது, எதைச் சாப்பிடலாம் எதைக் கூடாது என்று நம் வீடுகளில் எழும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்கிறது. உலகம் முழுக்க விற்கும் ஹைடி மர்காஃபின் ‘வாட் டு எக்ஸ்பெக்ட் வென் யூ ஆர் எக்ஸ்பெக்டிங்’ 1984-இல் வந்தது. மாதவாரியாக உடம்பில் என்ன நடக்கிறது என்று அழகாக விளக்கும். ஆனால் அது அமெரிக்காவுக்கு எழுதியது. உணவும், மருத்துவமனை நடைமுறையும், இன்ஷூரன்ஸ் பேச்சும் நமக்குப் பொருந்தாது. பயப்படும் சுபாவம் உள்ள பெண்ணுக்கு அதை முதல் புத்தகமாகக் கொடுக்க மாட்டேன். வரக்கூடிய எல்லாச் சிக்கல்களையும் வரிசையாகப் படித்துவிட்டு, எல்லாம் தனக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்.

புதிய பதிப்பு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? டாக்டர் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946-இல் வெளிவந்து பல தலைமுறைத் தாய்மார்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது நல்லது என்று அதன் சில பதிப்புகள் சொல்லின. தூக்கத்திலேயே குழந்தை திடீரென இறந்துபோவதற்குக் குப்புறப் படுக்கவைப்பது ஒரு முக்கியக் காரணம் என்று பிற்பாடு ஆய்வுகள் காட்டின. 1994-இல் அமெரிக்காவில் குழந்தையை மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லிப் பெரிய பிரச்சாரமே நடந்தது. நல்ல மருத்துவர், நல்ல எண்ணத்தோடு எழுதிய புத்தகத்துக்கே இந்த நிலைமை. அதனால் பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கர்ப்பகாலப் புத்தகம் வாங்காதீர்கள். உள்பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

ஆண்டு சரியாக இருந்தும் ஒதுக்க வேண்டிய நூல்கள் உண்டு. வயிற்றின் வடிவத்தையும் மசக்கையையும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் புத்தகம் ஒன்று. அதில் அறிவியல் கிடையாது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். குங்குமப்பூ குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது இன்னொன்று. நிறம் பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது, பாலில் இல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டிலேயே இயற்கையாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஊக்கும் புத்தகம். 2018-இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்று ஒரு இளம்தாய் இரத்தப்போக்கில் இறந்தது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி. நல்ல வழிகாட்டி நூல் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். டாக்டரே தேவையில்லை என்று சொல்லாது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. வெளிநாட்டு நூலில் சால்மன் மீன், அவகாடோ என்று பட்டியல் பார்த்துக் கலங்க வேண்டாம். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் எந்தப் பட்டியலுக்கும் குறைந்ததில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் இரத்தசோகைக்குக் கீரை மட்டும் போதாது, சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையை டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். நீங்கள் வாங்க நினைக்கும் புத்தகத்தில் இந்த நான்கு வரி இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். இருந்தால் எழுதியவர் அன்றாட நடைமுறை தெரிந்தவர் என்று நம்பலாம்.

தங்கைக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு புத்தகம் சொல்ல வேண்டும். டாரதி கிளார்க் வில்சன் 1959-இல் எழுதிய ‘டாக்டர் ஐடா’. வேலூரில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் இருக்கக் கூடாது என்று நினைப்பவன் நான். ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த இளம்பெண். அப்பா டாக்டராக இருந்த திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பா வருகிறார் என்றால் மூவருமே மறுத்துவிட்டார்கள், ஆண் வைத்தியர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று. ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த ராத்திரிதான் அவரை அமெரிக்காவுக்கு டாக்டர் படிக்க அனுப்பியது. 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்தது. நூல் முழுக்க உயர்வாகவே பேசும், மறுபக்கம் அவ்வளவாக வராது. அப்படியும் இதைச் சொல்வதற்குக் காரணம், சரியான நேரத்தில் ஒரு பெண்ணுக்கு மருத்துவ உதவி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைப்போல மனதில் பதியவைக்கும் புத்தகம் வேறு எனக்குத் தெரியாது. பிரசவத்துக்கு முன்பு படிக்கச் சோகமாக இருக்குமோ என்று தோன்றினால், தங்கைக்குப் பிறகு கொடுங்கள். அம்மா இப்போதே படிக்கலாம்.

அம்மாவின் வேதபாடத்துக்கு வருகிறேன். வேதபாடம் எடுக்கப்போகும் பலர் நேராக விளக்கவுரை வாங்கப் போகிறார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் செலவு, பெரிய எழுத்தில் அச்சான ஒத்தவாக்கிய வேதாகமமாக இருக்கட்டும். ஒரு வசனத்தின் பக்கத்தில் அதோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண் கொடுத்திருப்பார்கள். பாடம் நடத்துபவருக்கு அதைவிட உதவியான கருவி இல்லை. சபையில் வழக்கமாகப் படிப்பது 1871-இல் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையிலான குழு முடித்த பழைய மொழிபெயர்ப்பு. மனப்பாட வசனங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதை விட வேண்டாம். அதன் பக்கத்தில் 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புரியாத இடத்தை அதில் ஒருமுறை படித்தால் பாதி விளக்கவுரை தேவைப்படாது. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும், அம்மாவிடம் உள்ளதில் 66. யாராவது கேட்டால் குழம்பாமல் இருக்க இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

எங்கே தொடங்குவது? ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோன வேதபாடக் குழுக்கள் எத்தனையோ. பெண்கள் ஐக்கியத்துக்கு நான் ரூத் என்ற நூலைத்தான் சொல்வேன். நான்கே அதிகாரம், நான்கு வாரம். மாமியார் மருமகள் கதை என்பதால் எல்லோருக்கும் பேச விஷயம் இருக்கும். ஒத்தவாக்கியத்தின் பயனும் அங்கேதான் தெரியும். ரூத் ஏன் அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கப் போனாள் என்று கேட்டால் லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும் உபாகமம் 24-ஆம் அதிகாரமும் பதில் சொல்லும்: அறுப்பில் விட்டுப்போனது ஏழைக்கும் அந்நியனுக்கும் விதவைக்கும் உரியது. நம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய கொல்லையில் மிச்சக் காய் பொறுக்கிய பெண்கள் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்களைப் பேசவிட்டால் எந்த விளக்கவுரையும் தராத பாடம் கிடைக்கும். ரூத்தை மணக்கப்போகும் போவாஸ் ஏன் ஊர் வாசலில் பெரியவர்களைக் கூட்டினான் என்பதற்கு உபாகமம் 25. கடைசியில் ரூத்தின் பெயர் எங்கே வருகிறது என்று பார்க்க மத்தேயு முதல் அதிகாரம்.

அதற்கடுத்து 1 சாமுவேலின் முதல் இரண்டு அதிகாரங்கள். பிள்ளையில்லாத அன்னாளின் அழுகையும், பிறகு அவள் பாடும் ஜெபமும். அதைப் படித்த கையோடு லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளின் பாட்டைப் படித்தால் இரண்டும் எப்படி எதிரொலிக்கின்றன என்று தெரியும். எலிசபெத்தும் மரியாளும் கர்ப்பிணிகளாகச் சந்திக்கும் இடமும் அதே அதிகாரம்தான். தங்கை வீட்டில் இருக்கும் மாதங்களில் அம்மா இதைத் தயாரித்தால் வீட்டிலேயே ஒரு வகுப்பு நடந்துவிடும். பிறகு மாற்கு. 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் சிறியது, வேகமாக நகரும்.

விளக்கவுரை என்று ஒன்று வேண்டுமானால், ஆங்கிலத்தில் 2015-இல் வந்த ‘சவுத் ஏசியா பைபிள் கமெண்டரி’யைச் சொல்வேன். முழு வேதாகமத்துக்கும் ஒரே தொகுதி. எழுதியவர்கள் இந்தியாவையும் அண்டை நாடுகளையும் சேர்ந்தவர்கள். சாதி, வரதட்சணை, பல மதத்தார் நடுவே வாழ்வது போன்ற நம் விஷயங்களை வசனத்தோடு சேர்த்துப் பேசுகிறது. விலை அதிகம், சபைக்கென்று ஒன்று வாங்கிவைப்பதுதான் நியாயம். எப்படிப் படிப்பது என்ற முறையைக் கற்றுக்கொள்ள கார்டன் ஃபீயும் டக்ளஸ் ஸ்டூவர்ட்டும் எழுதிய ‘ஹவ் டு ரீட் தி பைபிள் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்’ நல்லது. சங்கீதப் புத்தகத்தின் பாட்டை நிருபம் என்னும் கடிதம்போலவும், உவமையைச் சட்டம்போலவும் படிக்கக் கூடாது என்பதைப் பொறுமையாக விளக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் கடினம் என்றால் நீங்கள் படித்து வாராவாரம் ஒரு பகுதியைச் சொல்லலாம்.

உலகம் முடியும் தேதி சொல்லும் சின்னப் புத்தகங்களும், இந்த வசனத்தைச் சொன்னால் மாத்திரை வேண்டாம் என்னும் புத்தகங்களும் சபைகளின் கன்வென்ஷன் கூட்ட நேரத்தில் நிறைய விற்கும். ஒரு கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் இரண்டாவது வகையைக் கொண்டுவரவே வேண்டாம்.

பக்திக்காகப் படிக்க ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ தமிழில் இருக்கிறது. மூலம் 1678-இல் வந்தது. அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ கம்பனைக் கற்றவரின் கை. செய்யுள் என்று பயப்பட வேண்டாம். அதில் வரும் தேவாரப் பாடல்களை மட்டும் எடுத்து வாய்விட்டுப் படித்தாலே போதும்.

கடைசியாக உங்களுக்கு. படித்தது மனதில் நிற்கவில்லை என்கிறீர்கள். காதல் கதை மட்டமான வகை என்பதால் அல்ல. நம் மொழியின் ஆகப்பெரிய செல்வமே அகப்பாட்டுத்தான். நிற்காததற்குக் காரணம், பல மாத நாவல்களில் இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நடுவில் வருவது வெறும் தாமதம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பெண் வேண்டாம் என்கிறாள், அவன் மிரட்டித் தாலி கட்டுகிறான், கடைசியில் அதுதான் காதல் என்று கதை முடிகிறது. இப்படிப்பட்ட நூல்களை இளம்பெண்களின் கையில் கொடுக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. நாயகியின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதுதான் முதல் சோதனை.

முதலில் படிக்க வேண்டியது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, 1964. சின்ன நாவல்தான். குமரிப் பக்கத்தில் நொடித்துப்போய்க்கொண்டிருக்கும் ஒரு பெரிய வீட்டுக் கிறிஸ்தவப் பெண் லிசி. பனையேறியின் மகன் தங்கராஜ். வாய் நிறையக் காதல் வசனம் கிடையாது. வயது வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட ஒரு பெண் எப்படி மௌனமாகத் தன் மனதில் உறுதியாக நிற்கிறாள் என்பதுதான் கதை. அம்மாவுக்கும் பிடிக்கும். ஞாயிறு ஆராதனையும் குடும்ப ஜெபமும் கதைக்குள் இயல்பாக வந்துபோகின்றன. அடுத்தது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, 1977. மணப்பாட்டு மீனவக் குடும்பத்துப் பிலோமியின் காதல். நூறு பக்கத்துச் சொச்சத்தில் இவ்வளவு அன்பைக் கொட்டிய நாவல் தமிழில் குறைவு. அன்பு என்பது ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வதோடு முடிவதில்லை என்பதை இந்தக் கதையில் உணர்வீர்கள்.

நம் ஊர்க்காரர் மு.வ.வை, அதாவது மு. வரதராசனை, விட முடியாது. 1912-இல் பிறந்தவர், வாலாஜாபேட்டை பக்கத்து வேலம் கிராமத்துக்காரர். ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அது இரண்டு நண்பர்களின் கதை, காதல் நாவல் என்று சொல்ல முடியாது. காதலுக்கு ‘கள்ளோ காவியமோ’வை எடுங்கள். அவர் நடுநடுவே அறிவுரை சொல்வார், அது சிலருக்கு அலுக்கும், எனக்கே சில பக்கங்களில் அலுத்திருக்கிறது. ஆனாலும் கணவன் மனைவி நடுவே சந்தேகமும் பிடிவாதமும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அவ்வளவு தெளிவாகப் பார்த்தவர். மருத்துவராகவும் இருந்த லக்ஷ்மியின் குடும்பக் கதைகளில் ‘பெண் மனம்’ இன்றும் வேகமாகப் படிக்கலாம்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை நிதானமாக வையுங்கள். பெரியது, தன்னைவிட மூத்தவளான யமுனாவின்மேல் பாபு கொள்ளும் காதலோடு கும்பகோணத்துச் சங்கீதமும் சேர்ந்து ஓடும். அவசரமாகப் படித்தால் பாதி போய்விடும். வாரத்துக்கு இரண்டு படிக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, இதை ஒரு மாதம் வைத்துப் படித்துப் பாருங்கள். பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா வரும் பக்கங்களுக்காகவே திரும்பத் திரும்ப எடுப்பீர்கள்.

அப்புறம் திருக்குறளின் காமத்துப்பால். பள்ளியில் நமக்குச் சொல்லித்தராமல் விட்ட 250 குறள். மு.வ.வின் தெளிவுரையோடு கைக்கடங்கிய பதிப்பாகவே கிடைக்கும். கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அவற்றிலிருந்து தொடங்குங்கள். தும்மினால் சண்டை, தும்மலை அடக்கினாலும் சண்டை என்று போகும். அன்புள்ள இருவர் நடுவே நடக்கும் சின்னச் சண்டையை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் வேறு யார்? தங்கைக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் இதையே கொடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு குறள் போதும்.

வாங்குவதைப் பற்றி. எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வேலூர் மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் கிளை நூலகத்திலோ உறுப்பினராகிவிடுங்கள், நாவல்களைப் பெரும்பாலும் அங்கேயே எடுக்கலாம். இல்லாத நூலை வாங்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். வாசகர் எழுதிக் கேட்டால் நூலகருக்கு மேலிடத்தில் பேச வசதியாக இருக்கும். திருக்குறளும் சங்க இலக்கியமும், தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசம். வேதாகமத்தைச் சபைப் புத்தகக் கடையில் அம்மாவையே கூட்டிப்போய், எழுத்தின் அளவை அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தபின் வாங்குங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அதுவும் கர்ப்பகால நூலும்தான். கர்ப்பகால நூலை வளைகாப்பு வரை வைத்திருக்காமல் இந்த வாரமே தங்கைக்கு அனுப்பிவிடுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் குறித்துக்கொள்ள அவளுக்கு இப்போதே அது தேவை.